மனத்தாங்கல் காய்ந்த மாடி

கீழப்பொய்கையில எந்தெந்த வீட்டுக்கு நடுவுல பேச்சு இல்லைன்னு தெரிஞ்சுக்கணுமா, நீங்க யாரையும் விசாரிக்க வேண்டாம், அண்ணாந்து என் வயரைப் பாருங்க, போதும். ஊருக்கு டிவியும் இன்டர்நெட்டும் குடுக்கிற கேபிள்காரன் நான், பேரு பரமசிவன். பஜார்ல இருந்து கீழத்தெரு முக்குக்கு நேரா இழுத்தா ஒரே சுருள் வயர்ல வேலை முடிஞ்சிரும். ஆனா பாத்திரக்கடை தங்கப்பழம் வீட்டு மாடியில கட்டின வயரு அவரு தம்பி வீட்டு மாடியில கால் வைக்கக் கூடாது, தம்பி வீட்டு வயரு எதிர்த்த வீட்டு டெய்லரம்மாவோட முருங்கைமரத்தைத் தொடக் கூடாது, டெய்லரம்மா வீட்டு வயரு அவங்க நாத்தனார் வீட்டுச் சுவத்தை ஏறிட்டும் பாக்கக் கூடாது, இப்படி ஒவ்வொரு மனத்தாங்கலையும் ஒதுங்கி ஒதுங்கி, தெப்பக்குளத்தை ஒரு சுத்து, கோயிலை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் என் வயரு கீழத்தெருவுக்குள்ள நுழையும். எவன் எவனோ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டதுக்கு நான் ஏணி தூக்கி அலைஞ்சேன்.

அந்த வயரோட கடைசி முனையில, தங்கப்பழத்தோட பாத்திர கோடவுன் மாடியிலதான் செண்பகவல்லியோட மெஷின்கள் இருந்துச்சு. செண்பகவல்லி எனக்கு அடுத்த வீட்டு ஆவுடையப்பனோட ஒரே மக. ஆவுடையப்பன் பஜார்ல குடையும் டார்ச்லைட்டும் பூட்டும் விக்கிறவரு. பொண்டாட்டி போய்ச் சேர்ந்தப்புறம் தானே சமைச்சுப் போட்டு மகளை இன்ஜினியருக்குப் படிக்க வச்சாரு. பெங்களூர்ல வேலை பார்த்த பிள்ளைக்கு ஜெர்மனியில வேலை கிடைச்சுது. செய்தி வந்த அன்னைக்கே மனுஷன் கடையைச் சாத்திட்டு பஜார் முழுக்க மைசூர்பாகு குடுத்து, ஜெர்மனியில எப்பவும் மழையாமே, அங்க குடையெல்லாம் எப்படி விக்கும்னு போறவன் வர்றவனை எல்லாம் நிறுத்தி வச்சுக் கேட்டாரு. அவ என்ன செஞ்சா தெரியுமா? ஜெர்மனியும் வேண்டாம், பெங்களூரும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, ஒரு டெம்போ நிறைய பழைய கம்ப்யூட்டரை ஏத்திக்கிட்டு ஊர் வந்து சேர்ந்தா. மைசூர்பாகு தின்ன வாயெல்லாம் "ஜெர்மனி எப்போ வே?"ன்னு கேட்டுச்சு. அன்னைக்கு மககிட்ட பேச்சை நிறுத்தினவருதான் ஆவுடையப்பன்.

ஒரே வீட்டுல முன் அறையில அவரு, பின் அறையில இவ, நடுவுல நான். முன் அறையில இருந்து எனக்கு போன் போடுவாரு: "வே பரமசிவம், மழை இருட்டிக்கிட்டு வருது, குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு." நான் பின் அறைக்கு போன் போட்டு, "தாயி, குடை எடுத்துக்கிடுவியாம்"னு சொல்லணும். "எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க அண்ணாச்சி"ம்பா. நான் மறுபடி முன் அறைக்கு. மத்தியானம் ஆச்சுன்னா அவரே சமைச்ச குழம்பை மூடி வச்சுட்டு, "சாப்பிட்டாளான்னு கேளு"ன்னு ஒரு போன். ரெண்டு அறைக்கும் நடுவுல ஒரு துணித் திரை தவிர வேற ஒண்ணும் கிடையாது.

அந்த மெஷின் எதுக்குன்னு ஒருநாள் அவகிட்டயே கேட்டேன். "யாருக்கும் சொந்தமில்லாத இயங்குதளம் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, கம்ப்யூட்டர் ஓடுறதுக்கு அடிப்படையே அதுதான், யார் வேணாலும் சும்மா எடுத்துக்கிடலாம். எங்கெங்கயோ இருக்கிறவங்க அதுக்கு எழுதிக்கிட்டே இருப்பாங்க. எழுதினதை அப்படியே ஓட்ட முடியாது, மெஷினுக்குப் புரியுற மாதிரி பொதி பொதியாக் கட்டி அனுப்பணும். அதைக் கட்டுறதுதான் இந்த பில்டு மெஷின். நம்ம ஸ்கூல்ல கிடக்கே பழைய கம்ப்யூட்டர், அந்த வகைக்குக் கட்டித்தர ஆளே இல்ல. அதான் நான் கட்டுதேன்." சொல்லிட்டு இன்னொண்ணும் சொன்னா, அதைத்தான் நீங்க ஞாபகம் வச்சுக்கிடணும். ஒவ்வொரு பொதிக்கும் மெஷின் தனக்குள்ளயே புதுசா ஒரு வெறும் அறையை உண்டாக்கி, அதுக்குள்ள வச்சுத்தான் கட்டுமாம். கட்டி முடிச்சதும் அந்த அறையையே அழிச்சிடுமாம். முந்தின வேலையில சிந்தினது ஒரு துளி தங்கிட்டாலும் அடுத்த பொதி கெட்டுப் போகுமாம். எங்க ஊரு மனுஷங்களுக்கும் இப்படி ஒண்ணு இருந்தா என் வயருக்கு நல்லதுன்னு நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்.

மாடியில ரெண்டு அறை. ஒண்ணுல மெஷின்கள், அதுங்க கக்குற சூட்டை ஒரு ஃபேன் வச்சு அடுத்த காலி அறைக்குத் தள்ளியிருந்தா. அந்த வருஷம் சாரல் பிடிச்சுது பாருங்க, விடவே இல்லை. ஊர்ல ஒரு வேட்டி காயலை, ஸ்கூல் யூனிபார்ம் எல்லாம் புளிச்ச வாடை. யாரோ ஒருத்தி "மாடியில சூடா இருக்காமே"ன்னு கேட்டு வைக்க, செண்பகவல்லியும் சரின்னு சொல்லிட்டா, மறுநாளே காலி அறையில கொடி கட்டி ஊரே ஈரத்துணியைத் தொங்கப் போட்டுச்சு. தங்கப்பழமும் தன் வேட்டி காயுற வரைக்கும் அங்க ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்தாரு. மெஷின் ஒரு பொதியைக் கட்டி முடிச்சு உள்ள இருந்த அறையை அழிச்சது, அந்த நிமிஷம் தங்கப்பழம் எழுந்து, காயாத வேட்டியைக் கொடியிலேயே விட்டுட்டு, துண்டோட தெருவுல இறங்கி நேரா தம்பி வீட்டுக்குப் போயி, "ஏல, காப்பி இருக்கா?"ன்னாரு. கல்யாணப் பத்திரிகையில தன் பேரைத் தாய்மாமன் பேருக்குக் கீழ போட்டுட்டான்னு தம்பி வாசலை மிதிக்காத மனுஷன். பத்திரிகை ஞாபகம் இருக்கு, கீழ போட்டதும் ஞாபகம் இருக்கு, கோபத்தை மட்டும் காணோம். தம்பி பொண்டாட்டி காப்பியில சர்க்கரை போட மறந்துட்டா, அதையும் குடிச்சாரு.

அடுத்து டெய்லரம்மா, அதுக்கடுத்து அவங்க நாத்தனாரு. ரெண்டு வாரத்துல ஊருக்கே விஷயம் தெளிவாயிடுச்சு. அந்த அறையில உக்காந்திருக்கணும், பொதி முடியணும், முடிஞ்சா மனத்தாங்கல் போயிடும். எழுந்தவங்க நேரா அந்த ஆளைத் தேடிப் போயி பேசிடுவாங்க, இதுல ஒருத்தரும் தப்பினது கிடையாது. போன மனத்தாங்கல் எங்க போகுதுன்னா, ஃபேன்ல மாட்டியிருந்த தூசி வடிகட்டியில கருகருன்னு படியும், மோந்து பாத்தா புளிச்ச நெடி. செண்பகவல்லி தினம் அதைத் தட்டிக் கொட்டுன இடத்துல ஒரு எலுமிச்சை மரம் நின்னுச்சு; அந்தப் பழம் ஊறுகாய்க்கு அவ்வளவு விசேஷம்னு, எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி வியாபாரிங்களே வந்து கேட்டாங்க.

ஊர் இதை எப்படி எடுத்துக்கிட்டுதுன்னு கேக்குறீங்களா? ரேஷன் கடை மாதிரிதான் எடுத்துக்கிட்டுது. காலையில மாடிப்படியில வரிசை நின்னுச்சு. "இன்னைக்கு பெரிய பொதியா, சின்னப் பொதியாம்மா?"ன்னு கேட்டுட்டுத்தான் உக்காருவாங்க. எழுத்துரு மாதிரி சின்னப் பொதி வந்தா வாசல்ல தண்ணி ஊத்தின சண்டை, கோலத்தை மிதிச்ச சண்டை போகும். சொத்துத் தகராறு, பொண்ணு குடுக்க மாட்டேன்னு சொன்ன தகராறு எல்லாம் கரையணும்னா அரைநாள் ஓடுற பிரவுசர் பொதி வரணும். பொதி கட்டுறது ஏதோ தப்பால பாதியில நின்னு போனாதான் வில்லங்கம். அப்படி ஒருநாள் மாட்டிக்கிட்டாரு கோயில் தர்மகர்த்தா. கோபம் அப்படியே இருக்கு, யாரு மேலன்னு மட்டும் மறந்துபோச்சு. செண்பகவல்லி தப்பைக் கண்டுபிடிச்சு மறுபடி கட்டுற வரைக்கும் மனுஷன் போஸ்ட்மேனை முறைச்சாரு, பசுமாட்டை முறைச்சாரு, கடைசியில கண்ணாடியில தன்னையே முறைச்சுக்கிட்டு நின்னாரு.

நான் சந்தோஷமா ஏணியைத் தூக்கிக்கிட்டு வயரை எல்லாம் நேராக்கினேன். ஆனா கோபமில்லாத ஊரு லேசுப்பட்டது இல்லைங்க. கல்யாணத்துக்கு யாரைக் கூப்பிடாம விடுறதுன்னே தெரியலை. கூப்பிட்டவன் எல்லாம் வந்து நின்னான், முதல் பந்தியிலயே சாம்பார் தீர்ந்துடுச்சு. பஞ்சாயத்துத் தேர்தல்ல நின்ன ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஓட்டுக் கேட்டுத் தெருத் தெருவாப் போனாங்க. டீக்கடையில பேச விஷயமே இல்லாம ஆளுங்க டீயை மட்டும் குடிச்சாங்க. கொஞ்ச நாள்தான், அப்புறம் எங்க ஊரு எங்க ஊராச்சே: "அவளுக்கு மட்டும் பிரவுசர் பொதி, எனக்குன்னா எழுத்துருவா?"ன்னு டெய்லரம்மா நாத்தனார்கிட்ட மறுபடி பேச்சை நிறுத்தினாங்க. நானும் ஏணியை மறுபடி தூக்கினேன்.

செண்பகவல்லி இதை ஒளிக்கலை. தன்கூட இதே வேலை செய்யுற வெளிநாட்டுக்காரங்களுக்கு, எங்க மெஷின் இப்படிச் செய்யுதுன்னு எழுதினா. பின்லாந்துல இருந்து ஒருத்தர், அவங்க ஊரு மெஷின் பக்கத்துல உக்காந்தா விக்கல் நிக்குது, இதைப் பழுதுன்னு பதியுறதா வசதின்னு பதியுறதான்னு இன்னும் முடிவாகலைன்னு பதில் போட்டாரு. அந்தக் கூட்டத்துலயே ரெண்டு பெரிய ஆளுங்க, வரிக்கு முன்னால இடம் விடுறதுக்குக் கம்ப்யூட்டர்ல எந்தக் கட்டையை அமுக்கணும்ங்கிற தகராறுல பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காச்சாம். கீழப்பொய்கைக்கு வர எந்த ரயில் பிடிக்கணும்னு தனித்தனியா ரகசியமா விசாரிச்சு எழுதியிருந்தாங்க. அதைப் படிச்சப்புறம் தங்கப்பழம் மேல எனக்கு ஒரு மரியாதையே வந்துடுச்சு.

மாடிப் பக்கமே வராத ஒரே ஆளு ஆவுடையப்பன். ஈர வேட்டியையே கட்டிக்கிட்டு கடைக்குப் போவாரு. பஜாரே சேர்ந்து, "ஒரு தடவை போய் உக்காந்துட்டு வாருமேன் வே, பெத்த மக"ன்னு கேட்டா, குடைக் கம்பியை நிமித்திக்கிட்டே, "எனக்கு யாரு மேலயும் கோபம் கிடையாதே"ம்பாரு. சிரிக்காம என்ன செய்வோம்? ஊர்ல பேசாத அத்தனை பேரும் சொல்லுற வார்த்தை அதுதானே.

மகளும் அவரை உக்கார வைக்க ஒத்துக்கிடலை. "அவரு கோபம் நியாயமான கோபம் அண்ணாச்சி"ன்னா. "பஜார் முழுக்க மைசூர்பாகு குடுத்தவரை நான்தானே தலை குனிய வச்சேன். அதை மெஷினை விட்டு அழிச்சுட்டா அப்புறம் அவரு பேசுறது அவரு பேச்சா? எனக்கு அப்பா பேசணும். நானா பேச வச்சதா இருக்கக் கூடாது." சொல்லும்போது ஸ்கிரீனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தா, ஆனா கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கு எரிச்சலா வந்துச்சு. ஊரு கோபத்தை எல்லாம் தட்டிக் கொட்டுறவ, தன் வீட்டுக் கோபத்துக்கு மட்டும் நியாயம் பாக்குறா.

அப்புறம்தான் அந்த முடிவு வந்துச்சு. பழைய வகைக் கம்ப்யூட்டர் உலகத்துல குறைஞ்சு போச்சாம், அதுக்கு இனிமே பொதி கட்ட வேண்டாம்னு எல்லாரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டாங்க. இருக்கிறதைக் கடைசியா ஒரு தடவை கட்டி அனுப்பிட்டு மெஷினை நிறுத்திடணும். புது வகைக்கு அவளுக்கு வேற மெஷின் வரும், ஆனா அது சூடே ஆகாதாம். ஊருக்கு விஷயம் தெரிஞ்சதும் ஆளாளுக்கு மிச்சம் மீதி மனத்தாங்கலைத் தேடி எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. எல்லாம் முடிஞ்சு கடைசியா நின்னது பிரவுசர் பொதி, இருக்கிறதுலயே பெருசு. அன்னைக்குக் காலையில செண்பகவல்லி எனக்கு போன் பண்ணினா. "அப்பாவைக் கூப்பிடுங்க அண்ணாச்சி"ன்னா. "அவரா பேசுவாருன்னு இத்தனை நாளா பாத்தேன். இனி என்னால முடியல. அழிச்சாவது பேசட்டும்."

நான் கடைக்குப் போயி சொன்னேன். ஆவுடையப்பன் கையில இருந்த பூட்டைக் கீழ வச்சாரு. "அவளா கூப்பிட்டா?"

"அவதான் கூப்பிட்டா."

வியாபாரம் நடக்கிற நேரத்துல கடையைச் சாத்திட்டு, ஒரு குடையை எடுத்துக்கிட்டு என் பின்னாலேயே வந்தாரு.

அறையில அவரை மட்டும் உக்கார வச்சு கதவைச் சாத்தினோம். கடைசிப் பொதி, ஆவுடையப்பன் வேற, கேக்கணுமா, கீழத்தெருவே கோடவுன் வாசல்ல கூடிருச்சு. செண்பகவல்லி முந்தின ராத்திரியில இருந்து ஒரு வாய் சாப்பிடாம ஸ்கிரீன் முன்னாலயே இருந்தா. வரி வரியா என்னமோ ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஃபேன் இரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, தங்கப்பழம் படியில நின்னு "ஆச்சா, ஆச்சா"ன்னு உயிரை வாங்கினாரு. மத்தியானம் தாண்டி மெஷின் நின்னுச்சு. கதவு திறந்தது.

ஆவுடையப்பன் வெளியே வந்து, நேரா மக முன்னால போயி நின்னாரு. அவ எழுந்து நின்னா. அவரு வாயைத் திறந்தாரு, மூடினாரு, திரும்பி என்னைப் பாத்தாரு.

"வே பரமசிவம், நேரம் மத்தியானம் தாண்டிப் போச்சு. சாப்பிட்டாளான்னு கேளு."

அடப் பாவி மனுஷான்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. "போச்சு, மெஷின் மண்டையைப் போட்டுட்டு"ன்னு தங்கப்பழம் கத்தினாரு. "கடைசிப் பொதியிலயா இப்படி ஆகணும்"னு டெய்லரம்மா வாயைப் பொத்திக்கிட்டு அழவே ஆரம்பிச்சுட்டாங்க. செண்பகவல்லி வேகமா ஸ்கிரீனைத் தட்டித் தட்டிப் பாத்தா. "பொதி சரியா வந்திருக்கு அண்ணாச்சி. ஒரு தப்பும் இல்ல. உள்ள இருந்த அறையும் அழிஞ்சிருக்கு." அப்புறம் என்ன தோணுச்சோ, ஃபேன்கிட்டப் போயி தூசி வடிகட்டியை உருவினா. காலையில தட்டிக் கழுவி மாட்டினது. அரைநாள் ஓடின பிரவுசர் பொதி, ஒரு ஆளு முழுசா உள்ள உக்காந்து வந்தாச்சு, வடிகட்டியில ஒரு பொட்டுக் கருப்பு இல்லை. மாட்டினப்ப இருந்த வெள்ளையிலேயே இருந்துச்சு.

அவ அதைக் கையில வச்சுக்கிட்டு அப்பாவையே பாத்தா. தங்கப்பழத்துக்கும் மெல்லப் புரிஞ்சுது. "அப்போ எதுக்கு வே இத்தனை வருஷம் பேசாம இருந்தீரு?"

ஆவுடையப்பன் குடைப் பிடியைத் தடவிக்கிட்டே சொன்னாரு. "முதல்ல கோபமாத்தான் இருந்துச்சு. அது எப்பமோ போயிட்டு. எனக்குக் கோபமில்லன்னு உங்ககிட்ட எல்லாம் எத்தன தடவ சொன்னேன், ஒருத்தனாவது நம்புனீங்களா? கோபம் போனப்புறம் பேச்சை எப்படி ஆரம்பிக்கதுன்னுதான் எனக்குத் தெரியல." சொல்லிட்டு அவரு தரையைப் பாத்துக்கிட்டாரு. நாங்களும் தரையைத்தான் பாத்தோம். அந்த மனுஷன் சொன்னப்பல்லாம் சிரிச்சது எங்களுக்கு ஞாபகம் வந்துச்சு.

செண்பகவல்லி வடிகட்டியைக் கீழ வச்சா. "அண்ணாச்சி, சாப்பிடலைன்னு சொல்லுங்க."

ஒரு கை தூரத்துல நிக்கிறவருகிட்ட நான் திரும்பி, "சாப்பிடலையாம்"னேன்.

"குழம்பு ஆறிப் போயிருக்கும். வரச் சொல்லு."

"வாரேன்னு சொல்லுங்க."

மெஷினை நிறுத்தி, பூட்டிட்டு மூணு பேரும் இறங்கினோம். வெளியே சாரல். ஆவுடையப்பன் குடையை விரிச்சாரு, நான் நடுவுல, ரெண்டு பக்கமும் அவங்க ரெண்டு பேரும், ஒரே குடைக்குள்ள நசுங்கிக்கிட்டு நடந்தோம். புது மெஷின் எப்போ வருதுன்னு கேளு, அடுத்த மாசம்னு சொல்லுங்க, அதுக்கும் அந்த ஸ்கூல் கம்ப்யூட்டருக்கும் ஆகுமான்னு கேளு, ஆகாது அதுக்கு வேற வழி பாத்துட்டு இருக்கேன்னு சொல்லுங்க, இப்படித் தலையை இங்கயும் அங்கயும் திருப்பித் திருப்பி எனக்குக் கழுத்தே சுளுக்கிக்கிட்டுது. தெப்பக்குளம் திரும்புற இடத்துல என் செருப்பு வாரு கழண்டுக்கிட்டுது. குடையை விட்டு வெளியே வந்து குனிஞ்சேன். நிமிர்ந்து பாத்தா அவங்க நிக்கலை, பேசிக்கிட்டே முன்னால போயிட்டு இருந்தாங்க. "ஏட்டி, பாத்து வா, அங்கன வழுக்கும்"னு ஆவுடையப்பன் சொல்றது எனக்குக் கேட்டுச்சு. "தெரியும்ப்பா"ன்னு அவ சொன்னதும் கேட்டுச்சு. நடுவுல ஆளில்லைங்கிறதை ரெண்டு பேருமே கவனிக்கலை.

வாரை மாட்ட எனக்கு ஒரு நிமிஷம் போதும். மழையில நனைஞ்சுக்கிட்டே, ரொம்ப மெதுவா மாட்டினேன்.